நூல் பார்க்கும் இடம் எது, விரற்கடை விடும் இடம் எது? வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்களும் கதவு, அலமாரி செய்யக் கொடுத்தவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். பாதிப் பேர் எதற்கெடுத்தாலும் டேப்பை நீட்டி மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். மீதிப் பேர் அளந்தே ஆகவேண்டிய இடத்தில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகள் கீழே உள்ளன.

ஆசாரி "நூல்"ங்கறார், இன்டீரியர் ஆள் "எம்எம்"ங்கறார். ஒரு நூல்னா எவ்வளவுங்க?

ஒரு அங்குலத்துக்கு 8 நூல். ஆக ஒரு நூல் 3.175 மி.மீ.; பேச்சுக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு நூலுக்கு அது பரவாயில்லை. ஆனால் 6 அங்குலம் என்பது 48 நூல், ஆகவே 144 மி.மீ. என்று கணக்குப் போட்டால் 8 மி.மீ. காணாமல் போய்விடும். 6 அங்குலம் 152.4 மி.மீ. நீளத்தை மாற்றும்போது நூல் வழியாகப் போகாமல் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள்.

நல்ல கைகள் கொத்துவேலையில் 2 நூலுக்குள்ளும், மரவேலையில் அரை நூலுக்குள்ளும் நிற்கும். டிராயர் சேனல், கீல் போன்ற ஹார்ட்வேர் வேலையில் 1 மி.மீ. தாண்டக் கூடாது. கொத்தனாரிடம் அரை நூல் கேட்பதால் சண்டைதான் மிஞ்சும். ஆசாரியிடம் 2 நூல் விட்டுக்கொடுத்தால் கதவு சாத்தாது.

எல்லாத்தையும் மில்லிமீட்டர் சுத்தமா கட்டிட்டா பிரச்சினையே வராதே? கூலி கூடக் குடுக்கத் தயார்.

கூலி கொடுத்தாலும் செங்கல் கேட்காது. சூளையில் வெந்த கல் ஒன்றுக்கொன்று ஓரிரு நூல் கூடவோ குறையவோதான் இருக்கும். 9 அங்குலச் சுவரின் ஒரு முகத்தை நூல் கட்டி நேராக்கினால், கல்லின் ஏற்றத்தாழ்வு எல்லாம் மறுமுகத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் நேரான முகத்தில் 12 மி.மீ. பூச்சும், கரடான முகத்தில் 15 மி.மீ. பூச்சும் போடுகிறார்கள்.

கட்டட வேலையில் ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கின் குறையை விழுங்கிக்கொள்ளும். செங்கல்லின் குறையைப் பூச்சும், பூச்சின் குறையை அதன்மேல் தடவும் பட்டியும் (புட்டி) விழுங்கும். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டை மறைக்கும். மேலே ஓர் அடுக்கு வரப்போகிற இடத்தில் விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், விட்டுக்கொடுக்கலாம். மூட எதுவும் வராத இடம், வளைந்துகொடுக்காத இரண்டு பொருள் சந்திக்கிற இடம், உள்ளே மறைந்து சுமை தாங்குகிற இடம் ஆகியவற்றில் நூல் பார்த்தே ஆகவேண்டும்.

செவுரு லேசா சாஞ்சிருக்கு. எவ்வளவு வரைக்கும் ஒத்துக்கலாம்?

செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905, ஒரு மாடிக்குள் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. வரை அனுமதிக்கிறது. அதாவது 10 அடிக்கு 2 நூல். சரிபார்க்கத் தூக்குக்குண்டு போதும். மேலே ஒரு ஆணியில் நூலைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளித் தொங்கவிட்டு, கீழே நூலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், 2 அங்குலத்தோடு அதற்குள்ள வித்தியாசம்தான் சாய்வு. காற்றில் குண்டு ஆடினால் ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், நின்றுவிடும்.

அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் "பூச்சுல எடுத்துக்கலாம்" என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் ஒரே தடவையில் 20 மி.மீ.க்கு மேல் அப்பினால் பூச்சு தன் எடையிலேயே தொய்ந்து, பிறகு வெடிக்கும். முதல் பூச்சைக் கீறிவிட்டு, இறுகியபின் இரண்டாவது போட வேண்டும். கட்டின மறுநாளே பார்த்திருந்தால் நாலு வரி பிரித்துக் கட்டுவது அரை நாள் வேலை. அதனால் தினமும் வேலை முடியும்போது ஒரு தடவை குண்டு பிடிக்கச் சொல்லுங்கள்.

ரூம் மூலை சரியா இருக்கான்னு நானே பார்க்க முடியுமா?

முடியும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 10 அடி வரவேண்டும். 3-4-5 அடியில் செய்வதைவிட இது நல்லது. அளவு பெரிதாகப் பெரிதாகத் தவறு தெளிவாகத் தெரியும். கையடக்க மூலைமட்டத்தை வைத்து ஒரு வீட்டுக்கு மார்க் செய்வது வீண்வேலை.

அறை முழுக்கப் பார்க்க இரண்டு குறுக்கு அளவும் சமமா என்று பாருங்கள். 10-க்கு 12 அடி அறைக்குக் குறுக்கு அளவு 15 அடி 7 அங்குலம் மூன்றரை நூல். இரண்டு குறுக்குக்கும் அரை அங்குலம் வித்தியாசம் வந்தால், அறை 10 அடியில் ஏறக்குறைய இரண்டரை நூல் கோணியிருக்கிறது என்று அர்த்தம். கட்டிலுக்கும் மேசைக்கும் அது தெரியாது, டைல்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் 2 அங்குலத் துண்டு வந்தால் அது ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் அப்பட்டமாகத் தெரியும். அறையின் நடுவிலிருந்து பிரித்து, ஓரத்துண்டு பாதி டைலுக்குக் குறையாமல் வரும்படி ஒட்டினால் யார் கண்ணிலும் படாது.

மனையடிப்படி 10 அடி உள்கூடு வரணும்னு சொன்னோம். இப்ப அளந்தா 9 அடி 11 தான் இருக்கு. கொத்தனார் ஏமாத்திட்டாரா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, பூச்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு சுவரில் 12 மி.மீ., எதிர்ச்சுவரில் 15 மி.மீ. என்றால் 27 மி.மீ. போய்விடும். அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். பூச்சுக்குப் பின் 10 அடி வேண்டுமானால் கல்லுக்குக் கல் 10 அடி 1 அங்குலம் விட்டுக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். சாஸ்திரத்தை நம்புகிறவரானாலும் இல்லையானாலும், வரைபடத்தில் "பூச்சுக்கு முன்" அல்லது "பூச்சுக்குப் பின்" என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கழிவறையில் இது இன்னும் மோசம். பூச்சும் அதன்மேல் டைல்ஸும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் தின்னும். 4 அடி என்று போட்ட கழிவறை 3 அடி 10 அங்குலத்துக்கும் கீழே வந்து நிற்கும்.

டேப் நுனியில இருக்கிற கொக்கி ஆடுது. பழுதாயிடுச்சா?

பழுதில்லை, அது ஆடத்தான் வேண்டும். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு முன்னும் பின்னும் நகரும்படி ரிவெட்டுத் துளையை நீளமாக வைத்திருப்பார்கள். வெளியே மாட்டி இழுக்கும்போதும், உள்ளே முட்டுக்கொடுத்துத் தள்ளும்போதும் ஒரே அளவு வருவது அதனால்தான். கீழே விழுந்து கொக்கி வளைந்திருந்தால் மட்டும் டேப்பை மாற்றுங்கள். நுட்பமான அளவுக்குக் கொக்கியை நம்பாமல் 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, வந்த அளவில் 10 செ.மீ. கழிக்கலாம். கழிக்க மறந்துபோவதும் சகஜம்தான்.

டேப்பில் நீள்வட்டத்துக்குள் ரோமன் எண் இரண்டு அச்சிட்டிருந்தால் அது இரண்டாம் தரம். 5 மீட்டரில் 1.3 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம். அந்த வித்தியாசத்தால் தொல்லை இல்லை. நிலையை ஒரு டேப்பிலும் கதவை இன்னொரு டேப்பிலும் அளப்பதுதான் தொல்லை. ஒரு வேலைக்கு முதல் அளவு முதல் கடைசி அளவு வரை ஒரே டேப்பைப் பிடியுங்கள்.

அந்தக் காலத்து ஆசாரிங்க டேப்பே இல்லாம சுத்தமா செஞ்சாங்களே, எப்படி?

அவர்களிடம் முழக்கோல் இருந்தது. தச்சு முழம் இன்றைய கணக்கில் 2 அடி 9 அங்குலம், அதில் 24 பிரிவுகள். அதைவிடப் பெரிய உத்தி, எண்ணே இல்லாமல் அளந்தது. ஒரு குச்சியைத் திறப்புக்குள் வைத்து, எங்கே தொடுகிறதோ அங்கே கத்தியால் கீறி, அந்தக் கீறலை அப்படியே மரத்துக்கு மாற்றினார்கள். படிக்கும்போது ஒரு பிழை, நினைவில் வைக்கும்போது ஒரு பிழை, திரும்பக் குறிக்கும்போது ஒரு பிழை என்று டேப்பில் நேரும் மூன்றும் இதில் இல்லை.

இன்றைக்கும் அலமாரித் தட்டு வெட்ட இதுவே சிறந்த வழி. பென்சில் கோடே அரை மி.மீ. கனம் இருக்கும், கத்திக் கீறலில் அந்தச் சந்தேகமும் கிடையாது.

நிலை வைக்கும்போது எதைப் பார்க்கணும்? ஆசாரி ரசமட்டம் வச்சுப் பார்த்து சரிங்கறார்.

ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) பாதி வேலைதான். முதலில் ரசமட்டத்தையே சோதியுங்கள். ஒரு இடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்து, அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள். குமிழ் வேறிடத்தில் நின்றால் கருவி பொய் சொல்கிறது. பிறகு நிலையின் இரண்டு கால்களுக்கும் முன்முகம், பக்கமுகம் இரண்டிலும் தூக்கு பிடிக்க வேண்டும். 7-க்கு 3 அடி நிலைக்குக் குறுக்கு அளவு இரண்டும் 7 அடி 7 அங்குலம் 3 நூல் வரவேண்டும். எந்த முகத்தில் அளக்கிறீர்களோ அந்த முகத்தின் 7-ம் 3-ம்தான் கணக்கு.

பலரும் விட்டுவிடுவது முறுக்கு. நாலு மூலைகளிலிருந்தும் குறுக்கே இரண்டு நூல்கயிறு கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாக உரசிக்கொள்ள வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ நிலை முறுக்கியிருக்கிறது. கதவு பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். முறுக்கிய நிலையில் மேல்மூலை ஒட்டும்போது கீழ்மூலை தள்ளி நிற்கும். இதை இழைப்புளி போட்டுச் சரிசெய்ய முடியாது. நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்ட்பாஸ்ட் மேல் கான்கிரீட் போடுவதற்கு முன்பும், போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குள்ளும் நூல் கட்டிப் பாருங்கள். இடிக்கும்போது ஆப்பு நழுவுவது சர்வசாதாரணம்.

தேக்குக் கதவுதான், ஐப்பசி மழைக்கு மாட்டுது. நல்லா இழைச்சுத் தள்ளிடலாமா?

மழை நாளில் இழைத்தால் சித்திரை வெயிலில் சந்து தெரியும். மரம் ஈரத்துக்கு ஏற்பப் பருத்தும் சுருங்கியும்தான் இருக்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு, எல்லாம் அகலத்தில்தான். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு, வளையத்தை ஒட்டிய திசையில் அகலத்தில் 5.8 சதவீதம் சுருங்கும். கோடைக்கும் மழைக்கும் நடுவே மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், 3 அடி அகலத்துக்கும் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு ஏறக்குறைய ஏழரை மி.மீ. அசையும். சட்டம் கோத்து நடுவில் பலகை செருகிய கதவில், அகலத்தில் அசைவது இருபுறச் சட்டங்களின் 8 அங்குலம் மட்டுமே. அது ஒன்றரை மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். சட்டக் கதவு என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான்.

அதனால் சட்டக் கதவுக்கு இரு பக்கமும் மேலேயும் ஒரு நூல், கீழே 2 நூல் சந்து விடுங்கள். நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) பசை போடாமல், ஆணி அடிக்காமல், இரு பக்கமும் ஒரு நூல் அசைய இடம்விட்டுச் செருக வேண்டும். "கடகடன்னு ஆடுது" என்று பின்னால் பசை ஊற்றினால் அடுத்த கோடையில் பலகை நடுவில் பிளக்கும். கதவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பெயின்ட் காணாமலே நிற்கும். ஈரம் அதிகம் ஏறுவது அந்த வெட்டு முனைகளில்தான், கதவைக் கழற்றியாவது அங்கே இரண்டு கை அடியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மாட்டினால், உரசும் இடத்தில் மட்டும் அரை நூல் சீவுங்கள். கீல் தளர்ந்து கதவு தொங்கியும் மாட்டலாம், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

மரம் காஞ்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைக்காரர் "எல்லாம் சீசன் பண்ணது"ங்கறார்.

ஈரமானி இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா பாருங்கள், கடலோர ஊர்களில் 14 வரை போகலாம். கருவி இல்லையென்றால், பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடை போட்டு, வேலை நடக்கப்போகும் அறையில் காற்றாட வைத்து, பத்து நாள் கழித்து மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. நிழலில் காற்றாட அடுக்கிய கெட்டி மரத்துக்கு, கனம் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பச்சை மரத்தில் அரை நூல் சுத்தமாகச் செய்த இணைப்பு, காய்ந்தபின் இரண்டு நூல் வாய் பிளந்து நிற்கும்.

ஏறும்போது கடைசிப் படியில மட்டும் கால் தடுக்குது. ஏன்?

தரைப்பூச்சைக் கணக்கில் எடுக்காமல் படி வார்த்திருப்பார்கள். கான்கிரீட்டில் எல்லாப் படியும் 7 அங்குலம் என்று வையுங்கள். தரையில் கலவையும் டைல்ஸும் 3 அங்குலம் ஏறுகிறது, படிமேல் கிரானைட்டும் கலவையும் ஒன்றரை அங்குலம்தான் ஏறுகிறது. முதல் படி ஐந்தரையாகக் குறையும், கடைசிப் படி எட்டரையாகக் கூடும். கால் ஒரு தாளத்துக்குப் பழகிவிடுவதால், இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்கு முன் கால் கண்டுபிடிக்கும். தேசியக் கட்டட விதிகள் வீட்டுப்படிக்கு உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கின்றன. படிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பது அதைவிட முக்கியம், 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள்.

முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு உயரம் எடுத்து, எண்ணிக்கையால் வகுங்கள். 10 அடிக்கு 18 படி என்றால் ஒரு படி 6.67 அங்குலம். இதை "ஆறே முக்கால்" என்று முழுமையாக்கினால் 18-வது படியில் ஒன்றரை அங்குலம் இடிக்கும். மேலே சொன்ன குச்சி உத்தி இங்கேயும் உதவும். முழு உயரத்தையும் ஒரு ரீப்பரில் (நீளமான மரச்சட்டத்தில்) குறித்து 18 பாகமாகப் பிரித்து, அந்தக் குறிகளைச் சுவருக்கு மாற்றுங்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படியை அளந்துகொண்டே போகாதீர்கள்.

பாத்ரூம் தரையில ரசமட்டம் வச்சா குமிழ் நடுவுல நிக்குது. நல்ல வேலைதானே?

அங்கே அது கெட்ட வேலை. தண்ணீர் ஓட அடிக்கு ஒன்றரை நூல் சரிவு வேண்டும். 6 அடிக்கு 9 நூல், அதாவது அங்குலமும் ஒரு நூலும். மூலையில் தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கி இரண்டு பக்கச் சரிவு என்றால் 2 அடி டைல் மடங்காது, குறுக்கே வெட்டித்தான் ஒட்ட வேண்டும். 1 அடி டைல் தானாக வளைந்துகொடுத்த மாதிரி உட்காரும். ஒட்டி இறுகியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மேஸ்திரி கூலி வாங்கிப் போவதற்கு முன் பார்ப்பது உத்தமம்.

கம்பி உள்ளேதானே போகுது, அதுல எதுக்கு மில்லிமீட்டர் பார்க்கணும்?

வீட்டிலேயே நூல் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவிலுள்ள கவர், சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் 45 மி.மீ. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதற்குத் தரும் சலுகையைக் கவனியுங்கள்: 10 மி.மீ. கூடலாம், ஒரு மி.மீ. கூடக் குறையக் கூடாது. குறைந்தால் ஈரம் கம்பியை எட்டி, துரு பருத்து, கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஜல்லித்துண்டும் செங்கல் துண்டும் வைத்து ஒப்பேற்றுவதை அனுமதிக்காதீர்கள். கம்பிக்கு அடியில் இந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக் விலை சொற்பம்.

சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். 4 அங்குலக் கனத்தில் அது கீழ்முகத்திலிருந்து ஏறக்குறைய 76 மி.மீ. உயரத்தில் நிற்கும். கான்கிரீட் கொட்டுகிறவர் அதன்மேல் நடந்து 30 மி.மீ. அமுக்கிவிட்டால் தாங்கும் பலத்தில் 40 சதவீதம் போலப் போய்விடும். மேல்கம்பியைத் தாங்க நாற்காலி போல வளைத்த கம்பியும், நடக்க ஒரு பலகையும் போட்டால் போதும்.

சுவரே கோணல், அதுல மாடுலர் கிச்சன் எப்படி மில்லிமீட்டர் சுத்தமா உட்காரும்?

பெட்டி சுத்தமாக இருக்கும், சுவர் இருக்கிறபடி இருக்கும். நடுவில் ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஃபில்லர் பட்டை வரும், அதைச் சுவரின் வளைவுக்கேற்பச் சீவி ஒட்டுவார்கள். சுவருக்குச் சுவர் அடைத்துப் பெட்டி செய்யச் சொல்லாதீர்கள். நடுவில் அகலமும் ஓரத்தில் குறுகலுமான சுவருக்குள் அது நுழையாது.

பெட்டிக்குள் மட்டும் கறாராக இருங்கள். டெலஸ்கோப்பிக் சேனலுக்கு உள் அகலத்தில் 26 மி.மீ. கழித்து டிராயர் செய்ய வேண்டும். வெளி அகலம் 600 மி.மீ., பிளைவுட் 18 மி.மீ. என்றால் உள் அகலம் 564, டிராயர் 538. ஆனால் 18 என்று விற்கும் பலகை 17.4-ம் இருக்கும், உள்ளே 0.8 மி.மீ. லைனர் (மெல்லிய லேமினேட் தாள்) ஒட்டினால் இரு பக்கமும் சேர்ந்து 1.6 போய்விடும். ஆகவே வெர்னியர் காலிப்பர் வைத்துப் பலகையை அளந்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கம்பியின் கவரில் சொன்ன மாதிரி இங்கேயும் தவறலாம் என்றால் ஒரே பக்கம்தான் தவறலாம். டிராயர் 1 மி.மீ. குறுகினால் சேனலுக்குப் பின்னால் மைக்கா துண்டு வைக்கலாம். 1 மி.மீ. அகலமானால் பிரித்துச் செய்ய வேண்டியதுதான்.

8-க்கு 4 பிளைவுட்ல ஒரு அடி பட்டை நாலு கேட்டேன். எல்லாமே குறைச்சலா வந்திருக்கு?

வாள் தின்றது. வட்டவாள் ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. வரை தூளாக்கும். நாலு பட்டைக்கு மூன்று வெட்டு, 9 மி.மீ. போச்சு. 1220 மி.மீ. அகலத்தில் மிஞ்சுவது ஒரு பட்டைக்கு 302 மி.மீ. சொச்சம். ஒரு அடி என்பது 304.8. தட்டின் ஆழத்தை 300 என்று தொடக்கத்திலேயே வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வராது.

லேசர் வச்சு மட்டமா மாட்டின ஷெல்ஃப் கோணலா தெரியுதே? லேசர் தப்பா?

லேசர் சரியாகவே இருக்கும். விலை குறைந்தவை கூடப் பொதுவாக 10 மீட்டரில் 3 மி.மீ.க்குள் நிற்கும். உங்கள் சீலிங்தான் சரிந்திருக்கிறது. சீலிங்கிலிருந்து ஒரு சாண் கீழே ஷெல்ஃபை மாட்டினால், கண் அதைப் பூமியின் மட்டத்தோடு ஒப்பிடாது, சீலிங்கோடுதான் ஒப்பிடும். 6 அடியில் 3 நூல் வித்தியாசம் பட்டென்று தெரியும்.

மூன்றடிக்கு மேல் தள்ளி இருந்தால் மட்டத்தையே பிடியுங்கள். நெருக்கமாக இருந்தால் வித்தியாசத்தில் பாதியைச் சீலிங் பக்கம் விட்டுக்கொடுங்கள். 6 அடியில் ஒன்றரை நூல் சரிவை அதன்மேல் வைக்கும் பாத்திரமோ புத்தகமோ கண்டுகொள்ளாது. உருளும் பொருள் வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் முன்பக்கத்தில் ஒரு விளிம்புச் சட்டம் அடித்துவிடுங்கள். சீலிங்கைத் தொட்டு நிற்கும் வார்ட்ரோபுக்கு இதுகூட வேண்டாம். பெட்டியை மட்டமாக நிறுத்திவிட்டு, மேல்சந்துக்கு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த பட்டையைச் சீவி ஒட்டச் சொல்லுங்கள்.